இரண்டாவது சாவி

ஜூலை 4

வாயாடிக்கு,

மாற்றலான ஊருக்கு நல்லபடியாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நினைக்கிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிப்பதுதான் முறை. எனக்கு இப்போது முறை பார்க்க நேரமில்லை. பெட்டிச் சாவியை எங்கே வைத்துத் தொலைத்தாய்?

என் சாவி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. நான் கேட்பது உன்னிடம் இருந்த இரண்டாவது சாவியை. உன் மேசை இழுப்பறை, துணி அலமாரி, சமையலறையில் கையில் கிடைத்ததையெல்லாம் போட்டு வைப்பாயே அந்த வாய் உடைந்த ஜாடி, எல்லாவற்றையும் குடைந்து பார்த்துவிட்டேன். ஜாடியில் பழைய பஸ் டிக்கெட்டும் ஒற்றைக் கம்மலும் ஒரு தலைவலி மாத்திரையும் இருந்தன. மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டேன்.

மக்காச்சோளம் முழங்கால் உயரம் வந்துவிட்டது. குருத்தைப் பிரித்தால் படைப்புழு. இலையெல்லாம் ஓட்டை. சீக்கிரம் மருந்தடித்தால்தான் உண்டு. மருந்து முழுவதும் பின்புறக் கொட்டகையில் நீ கொண்டுவந்து இறக்கிய இரும்புப் பெட்டிக்குள் கிடக்கிறது. ஒரு பெட்டிக்கு இரண்டு பூட்டு, ஒரு சாவி வீட்டுக்காரனிடம், இன்னொன்று வேறொருவரிடம், யாரும் தனியாகத் திறக்கக் கூடாது. இந்த யோசனை உங்கள் துறையில் எந்த மகானுக்குத் தோன்றியதோ, அவரை ஒரு நாள் இங்கே அனுப்பி வை. வயலில் நின்று புழுவிடம் எடுத்துச் சொல்லட்டும்.

கடையில் போய்ப் புது மருந்து கேட்டேன். கடைக்காரன் பல்லைக் காட்டுகிறான். "தங்கச்சி சொல்லிட்டுப் போயிருக்காங்கண்ணே. ரெண்டாவது சாவிக்காரர் கூட வந்தாத்தான் மருந்து குடுக்கணுமாம். கோவிச்சுக்காதீங்க" என்கிறான். நான் போகிற இடத்திலெல்லாம் எனக்கு முன்னால் நீ போய் நிற்கிறாய்.

போனில் பேசலாமே என்று எழுதாதே. உன் அண்ணி போன சேதி வந்தது அந்தப் போனில்தான். அன்று அணைத்தது, அணைத்தபடியே கிடக்கிறது. அதை மறுபடி காதில் வைக்க என்னால் ஆகாது. கடிதம் போடு. கடிதத்தோடு சாவியையும் போடு.

உன் அண்ணன்


ஜூலை 11

உம்மணாமூஞ்சி அண்ணாவுக்கு,

சாவி இங்கேதான் இருக்கிறது. ஸ்கூட்டர் சாவிக்கும் ஆபீஸ் அலமாரிச் சாவிக்கும் நடுவில் ஒன்றும் அறியாத பிள்ளைபோல் என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் பார்த்தேன். சத்தியமாக மறதிதான். 'வெளியூர் போறதா இருந்தா சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க' என்று வீடு வீடாகப் போய்த் தொண்டை வறளக் கத்துகிறவள் நான். நானே சாவியோடு பஸ் ஏறியிருக்கிறேன். இங்கே யாரிடமும் மூச்சு விடவில்லை. தெரிந்தால் மானம் போகும்.

இங்கே ஆபீஸ் என்பது ஆம்புலன்ஸ் நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இரண்டு அறை. ஒன்றில் நானும் முனகிக்கொண்டே சுற்றும் ஒரு மின்விசிறியும். இன்னொன்றில் கூரை தொடுகிற வரைக்கும் பெட்டிகள். வாசல் பலகையில் 'விபத்து, வன்முறைத் தடுப்புப் பிரிவு' என்று எழுதியிருக்கிறது. அதற்குக் கீழே எனக்கு முன்னால் இருந்தவர் 'இங்கே ஜெராக்ஸ் எடுக்கப்படாது' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார். பாவம், எத்தனை பேர் வந்து கேட்டார்களோ. என்னிடமும் கேட்கிறார்கள்.

பெட்டி கொடுத்த வீடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு வீட்டில் பெட்டி மேல் டிவி உட்கார்ந்திருக்கிறது. இன்னொரு வீட்டில் மருந்தெல்லாம் அடுப்படியில், பெட்டிக்குள் மருமகளின் நகை. "ரெண்டு பூட்டும்மா, பேங்க்கைவிடப் பத்திரம்" என்கிறார் மாமியார். மூன்றாவது வீட்டில் எல்லாம் முறைப்படி இருந்தது. மருந்து உள்ளே, பூட்டு வெளியே. சாவியைக் கேட்டேன். பெட்டிக்கு மேலேயே ஆணி அடித்து இரண்டு சாவியையும் ஒன்றாக மாட்டி வைத்திருக்கிறார்கள். தனித்தனியாக வைத்தால் தொலைந்துவிடுமாம். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். மேலதிகாரி எத்தனை பெட்டி இறக்கினாய் என்று மட்டும்தான் கேட்பார். ஆணியைப் பற்றி யாரும் கேட்பதில்லை.

சரி, நம் கதைக்கு வருகிறேன். சாவியை உனக்கு அனுப்ப மாட்டேன். பக்கத்து வீட்டுக் கண்டக்டருக்கு அனுப்புகிறேன். இரண்டாவது சாவி பக்கத்து வீட்டில் இருக்க வேண்டும் என்பதுதானே ஏற்பாடு? நீ 'அந்த ஆள் கையில என் வீட்டுச் சாவியா' என்று குதித்ததால்தான் நான் வைத்துக்கொண்டேன். வாய்க்கால் சண்டையில் நடுச்சுவர்க் கதவை அடைத்துவிட்டு எத்தனை காலம்தான் இருப்பாய்? ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மா இருக்கிற மனிதர், கூப்பிட்டால் வந்து திறந்துவிட்டுப் போவார்.

அதுவும் பிடிக்கவில்லையென்றால் மருந்தடிக்கும் ஆளை அவருடைய மருந்தோடு வரச் சொல். ஒரே காலையில் வேலை முடிந்துவிடும்.

சாப்பிடுகிறாயா? என்ன சாப்பிட்டாய் என்று எழுது.

வாயாடி


ஜூலை 17

வாயாடிக்கு,

அந்த ஆளிடம் சாவியா? அதற்கு நான் சோளத்தைப் புழுவுக்கே எழுதிக் கொடுத்துவிடுகிறேன். மடையைத் தன் பக்கம் வெட்டி வைத்துக்கொண்டு "தண்ணி தானாப் போச்சு" என்று சொன்னவர் அவர். காலமெல்லாம் பஸ்ஸில் 'தள்ளிப் போ, தள்ளிப் போ' என்று ஊரையே தள்ளிப் பழகினவர், இப்போது வரப்பையும் தள்ளிப் பார்க்கிறார். காலையில் வாசல் தெளிக்கும் சத்தம் கேட்டால்கூட நான் உள்ளே வந்துவிடுகிறேன், முகத்தில் விழிக்கக் கூடாதென்று.

மருந்தடிக்க ஆளைக் கூப்பிடு, அவன் மருந்தையே கொண்டு வரச் சொல் என்கிறாய். ஏன்? என் வீட்டு மருந்தை என் கை தொடக் கூடாதா?

பெட்டி எதற்கு என்று எனக்குத் தெரியாதென்று நினைத்தாயா? மனம் வெறுத்துப் போனவன் மருந்தைத் தேடிப் போகும்போது கைக்கு எட்டாமல் இருக்கத்தானே? இத்தனை வீடு இருக்க, முதல் பெட்டி என் வீட்டில் வந்து இறங்கியது. "உன் வீட்ல ஆரம்பிச்சாத்தான் மத்தவங்க வாங்குவாங்க" என்றாய். நானும் நம்பினவன்போல் இருந்துவிட்டேன். தெருவில் ஒருத்தர் பாக்கியில்லாமல் அந்தப் பெட்டியையும் பார்த்தார்கள், என்னையும் பார்த்தார்கள். என்னைப் பைத்தியக்காரனாக்கிவிட்டுப் பஸ் ஏறிவிட்டாய், சாவியோடு.

கேட்கிறேன், சொல். பள்ளிக்கூட வளைவில் விளக்கு போடுங்கள், வேகத்தடை போடுங்கள் என்று நீ எத்தனை தடவை எழுதிப் போட்டாய்? போட்டார்களா? அண்ணி அந்த வளைவில் அடிபட்டுப் போன பிறகு போட்டார்கள். இப்போது பளபளவென்று எரிகிறது. யாருக்காக எரிகிறது? உங்கள் ஆட்கள் எப்போதும் ஆள் போன பிறகுதான் வருவீர்கள்.

பூட்டை உடைக்க ஒரு கல் போதும். வாசலில் கிடக்கிறது. மரியாதையாகக் கேட்கிறேன், சாவியை என் பேருக்கு அனுப்பு.

என்ன சாப்பிட்டேன் என்று கேட்டிருந்தாய். சாப்பிட்டேன்.

அண்ணன்


ஜூலை 26

அண்ணா,

தாமதமாக எழுதுகிறேன். காலில் கட்டுப் போட்டிருக்கிறது. லாரியிலிருந்து பெட்டி இறக்கும்போது ஒன்று நழுவி என் பாதத்தில் விழுந்துவிட்டது. இரண்டு விரல் எலும்பும் மேல் எலும்பும் முறிவு. விபத்துத் தடுப்பு அதிகாரிக்கு விபத்துத் தடுப்புப் பெட்டியாலேயே விபத்து. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட பையன் முதல் டாக்டர் வரைக்கும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வலி உயிர் போகிறது. இரண்டு மாதத்துக்குப் பஸ் ஏறக் கூடாதாம். அறையில் கூட இருக்கும் நர்ஸ்தான் சாப்பாடு கொண்டுவந்து தருகிறாள். நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டி, மடியில் பலகை வைத்து இதை எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம். ஆள் போன பிறகுதான் வருகிறோம். அந்த வளைவுக்காக நான் எழுதிய கடிதங்கள் மேசை மேசையாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அண்ணி போனாள். விளக்கு எரிய ஆரம்பித்த அன்று ஆபீஸில் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். இதை யாரிடமும் சொன்னதில்லை.

இந்த ஒரு தடவையாவது முன்னால் வந்துவிடலாம் என்று பார்த்தேன். அதற்காகத்தான் முதல் பெட்டி உன் வீட்டுக்கு வந்தது. ஊருக்கு உதாரணம் என்று சொன்னதெல்லாம் சும்மா. நீ நம்பவில்லை என்பதும் எனக்குத் தெரியும்.

அன்று சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "நானும் போய்ச் சேர்ந்துட்டா ஒரு வேலை முடியும்" என்றாய். நாளைக்கு மழை வரும் என்பதுபோல் சொன்னாய். நான் பாத்திரம் கழுவப் போய்க் குழாயை முழுசாகத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன், உனக்குக் கேட்கக் கூடாதென்று. ஊரில் இருக்கிறவர்களுக்கெல்லாம் எப்படிப் பேச வேண்டும் என்று வகுப்பு எடுக்கிறேன். உன்னிடம் வாய் வரவில்லை. எனக்குப் பெட்டி இறக்கத்தான் தெரிந்தது.

சாகப் போய்ப் பிழைத்தவர்கள் படுத்திருக்கும் வார்டில் போய் உட்கார்ந்து பேசுவதும் என் வேலை. கால் உடைவதற்கு முந்தின நாள் ஒரு அம்மாவோடு இருந்தேன். கணவன் அடித்த அடி தாங்காமல் மருந்தைத் தேடிப் போனவர். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்த நேரத்துல யாராவது கதவைத் தட்டியிருந்தாப் போதும்மா. உப்பு கேட்டு வந்திருந்தாக்கூடப் போதும்" என்றார். கிட்டத்தட்ட எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். அந்த நேரம் கடந்துவிடுகிறது அண்ணா. கடக்கும் என்பது அந்த நேரத்தில் இருக்கிறவருக்குத் தெரிவதில்லை.

கல்லால் உடைக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். உடைக்கலாம்தான். பூட்டு யாரையும் நிறுத்தாது என்பது எனக்குத் தெரியாதா? கொஞ்சம் தாமதப்படுத்தும். அந்தத் தாமதத்துக்குள் யாராவது உப்பு கேட்டு வரலாம். என் வேலை மொத்தமும் இவ்வளவுதான். சில நாள் இதெல்லாம் ஒரு வேலையா என்றிருக்கிறது. விட்டுவிட்டு உன்னோடு வந்து சோளம் உடைக்கலாமா என்றிருக்கிறது.

கால் உடைவதற்கு முன்னால் சாவியை உறையில் போட்டுத் தபாலாபீஸ் வரைக்கும் எடுத்துப்போனேன். உன் சோளத்தை நினைத்தால் அனுப்பத் தோன்றியது. தபால்பெட்டியின் வாய் வரைக்கும் கொண்டுபோய்க் கை விடவில்லை. திரும்பி வந்துவிட்டேன். கண்டக்டர் பேருக்கு என்று ஒரு வார்த்தை எழுது, மறுநாளே அனுப்புகிறேன்.

வாயாடி


ஆகஸ்ட் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

கால் எப்படி இருக்கிறது? கட்டுப் பிரித்த உடனே நடக்காதே. டாக்டர் சொன்னபடி இரு.

சாவி இனி வேண்டாம். சோளத்தைப் பாதிக்கு மேல் புழு தின்றுவிட்டது. மீதியும் போகும். பரவாயில்லை. எனக்கு யார் மேலும் கோபமில்லை.

அண்ணியின் தையல் மிஷினை மூலைவீட்டுத் தையல்காரம்மாவுக்குக் கொடுத்துவிட்டேன். சும்மா தூசி படிந்து கிடந்தது. மாட்டை மச்சினன் வந்து ஓட்டிக்கொண்டு போகிறேன் என்றிருக்கிறான். வீட்டுக் காகிதங்களை ஒழுங்குபடுத்தி அலமாரியின் மேல் தட்டில் வைத்திருக்கிறேன். உனக்குத் தேட வேண்டியிருக்காது.

கோபத்தில் ஏதேதோ எழுதிவிட்டேன். மனதில் வைத்துக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு. கொஞ்ச நாளாகவே உடம்பும் மனசும் ரொம்ப அலுப்பாக இருக்கிறது. அவ்வளவுதான்.

அண்ணன்


ஆகஸ்ட் 7

அண்ணா,

உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. பிறந்ததிலிருந்து என்னை வாயாடி என்றுதான் கூப்பிட்டிருக்கிறாய். திட்டும்போதும் வாயாடி, கொஞ்சும்போதும் வாயாடி. இந்தக் கடிதத்தில் அன்புள்ள தங்கச்சி என்று எழுதியிருக்கிறாய். அதைப் பார்த்ததுமே உன் கையெழுத்துதானா என்று உறையைத் திருப்பிப் பார்த்தேன்.

மிஷினைக் கொடுத்தாயிற்று, மாட்டைக் கொடுத்தாயிற்று, காகிதத்தை எடுத்து வைத்தாயிற்று. யாராவது இப்படி எழுதினால் உடனே ஓடிப்போய்ப் பக்கத்தில் உட்காருங்கள் என்று ஊர் ஊராகச் சொல்லித் தருகிறவள் நான். எனக்கே எழுதுகிறாயே, எனக்குப் புரியாதென்றா? இல்லை, புரியட்டும் என்றா? புரியட்டும் என்றுதான் எழுதினாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்படி நினைத்தால்தான் என்னால் மூச்சு விட முடிகிறது.

காலைக் கழற்றி வைத்துவிட்டாவது கிளம்பலாம் என்று எழுந்தேன். வாசற்படி வரைக்கும்கூடப் போக முடியவில்லை, விழுந்துவிட்டேன். நர்ஸ் திட்டித் தூக்கி உட்கார வைத்தாள்.

உன் மேல் எனக்குக் கோபம் வருகிறது. அண்ணி போனாள் என்றால் உனக்கு மட்டும்தான் போனாளா? எனக்கு முதல் முதலில் ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லித் தந்தது யார்? எனக்கு அப்பா அம்மா இல்லை, அண்ணியும் இல்லை. இருக்கிறது நீ ஒருத்தன். உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு, கடிதத்தில் என்னைத் திட்டிக்கொண்டு, நீ இருந்தால் போதும். சோளம் போனால் போகட்டும்.

டவுன் ஆஸ்பத்திரியில் செவ்வாய்க்கிழமை மனநல டாக்டர் ஒருவர் வருகிறார். பொறுமையாகக் கேட்கிறவர், எனக்குத் தெரிந்தவர்தான். போய்ப் பார். பைத்தியத்துக்குத்தான் அங்கே போவார்கள் என்று சொல்லாதே. கால் உடைந்தால் கட்டுப் போடவில்லையா, அந்த மாதிரிதான்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது நீ வாசலில் நின்று வாங்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை.

உன் வாயாடி


ஆகஸ்ட் 14

வாயாடிக்கு,

வாசலில் நின்றுதான் வாங்கினேன்.

உன்னிடம் மறைக்க வேண்டாம் என்று எழுதுகிறேன். நீ என் கடிதம் வந்ததாகச் சொல்கிறாயே, அந்த மதியம் போய், வெயில் இறங்குகிற நேரம். கொட்டகைக்குப் போய் என் பூட்டைத் திறந்தேன். எதற்கு என்று நீ கேட்க வேண்டியதில்லை, என்னாலும் எழுத முடியாது. இன்னொரு பூட்டு அப்படியே தொங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரமோ.

அப்போது நடுச்சுவர்ப் பக்கமிருந்து ஒரு கத்தல். "யோவ், வெளியே வாய்யா! என் வாய்க்கால்ல கை வச்சது யாரு?"

கண்டக்டர்தான். நான் உட்கார்ந்தபடியே இருந்தேன். விடுவாரா? அடைத்துக் கிடந்த கதவை இரண்டு உதை உதைத்துத் திறந்துகொண்டு கொட்டகைக்கே வந்துவிட்டார். பனியனும் மூக்குக் கண்ணாடியுமாக நின்றுகொண்டு, "மடையை நேத்து யாரு மூடினது? உன் பாட்டுக்கு மூடினா என் பயிர் என்னாவறது?" என்று கையை நீட்டி நீட்டிப் பேசுகிறார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. எழுந்தேன். வரப்பை அவர் தள்ளியது, மடையை வெட்டியது, அண்ணி வைத்த செடியை அவர் ஆடு மேய்ந்தது வரைக்கும் ஒன்று விடாமல் கேட்டேன். அவரும் சளைக்கவில்லை. இரண்டு பேரும் கத்திக் கத்தி நன்றாக இருட்டிவிட்டது. தெருவில் யாரோ வந்து எட்டிப் பார்த்துவிட்டு, வழக்கமானதுதான் என்று போய்விட்டார்கள்.

சண்டைக்கு நடுவில், அதே குரலில், "சாப்பிட்டியாய்யா நீ?" என்று கேட்டார். இல்லை என்று நானும் கத்தினேன். "அப்ப வா, சாப்பிட்டுட்டு வந்து பேசு" என்றார். கத்தினதில் எனக்கு நிஜமாகவே பசித்தது. எத்தனை நாளைக்குப் பிறகு பசித்தது என்று தெரியவில்லை. போய்ச் சாப்பிட்டேன். அவர் வீட்டுக் குழம்பில் உப்பு தூக்கலாக இருந்தது. அதையும் சொன்னேன். அவர் வீட்டம்மாவுக்குக் கோபம். அங்கேயே கூடத்தில் பாயைப் போட்டுக் கொடுத்தார்கள், அங்கேயே தூங்கிவிட்டேன்.

காலையில் பல் தேய்க்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்தப் பருவம் மழையே போதும் என்று வாய்க்காலில் யாரும் தண்ணீர் விடவே இல்லை. காய்ந்து வெடித்துக் கிடக்கிறது. தண்ணீர் இல்லாத வாய்க்காலில் மடையை யார் மூடுவார்கள்?

நேராக அவரிடம் போய்க் கேட்டேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார், நிமிரவில்லை. "உன் தங்கச்சி போன்ல அழுதுச்சு. போய்ப் பக்கத்துல உட்காருங்கன்னு சொல்லுச்சு. உன் பக்கத்துல சும்மா வந்து உட்கார எனக்குத் தெரியுமா? நமக்குள்ள அப்படிப் பழக்கமா இருக்கு? சண்டைன்னா தெரியும். அதான் வந்தேன்" என்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஆனா வரப்பு என்னுதுதான்" என்றார்.

போன் செய்ததை நீ உன் கடிதத்தில் எழுதவே இல்லை. கள்ளி.

சாவியைக் கண்டக்டர் பேருக்கு அனுப்பு.

அண்ணன்


ஆகஸ்ட் 20

உம்மணாமூஞ்சிக்கு,

சாவி இன்று காலை பதிவுத் தபாலில் கண்டக்டர் பேருக்குப் போய்விட்டது. நர்ஸ்தான் கொண்டுபோய்ப் போட்டாள். ரசீதைக் காட்டு என்று குழந்தைபோல் பிடுங்கி வாங்கிப் பார்த்தேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ. ஒவ்வொரு தடவையும் பூட்டைத் திறந்தேன் என்கிற வரிக்கு வரும்போது நிறுத்திவிடுகிறேன். முடிவு தெரிந்திருந்தும் பயமாக இருக்கிறது. அப்புறம் "சாப்பிட்டியாய்யா நீ" வந்ததும் அழுதுகொண்டே சிரிக்கிறேன். கூட இருக்கிறவள் எனக்குத்தான் செவ்வாய்க்கிழமை டாக்டர் வேண்டும் என்கிறாள்.

அவருக்குப் போன் செய்தபோது, என்ன பேசுவது என்று நான் வகுப்பில் சொல்லித் தரும் அத்தனையையும் வரிசையாகச் சொன்னேன். மெதுவாகப் பேசுங்கள், எதிர்த்துப் பேசாதீர்கள், குரலை உயர்த்தாதீர்கள். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "சரிம்மா, அப்படியே செய்யறேன்" என்றார். அப்படியே செய்திருக்கிறார்.

எனக்கும் அலுப்பாகத்தான் இருக்கிறது அண்ணா. நேற்று அந்த ஆணி வீட்டிலிருந்து ஆள் வந்தது. இரண்டு சாவியும் தொலைந்துவிட்டதாம், ஆணியோடு. புதுப் பூட்டு கேட்கிறார்கள். கொடுக்கச் சொன்னேன். இந்தத் தடவை ஒரு சாவி பக்கத்து வீட்டுக்கு என்று மறுபடியும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

டாக்டரிடம் போனாயா?

வாயாடி


ஆகஸ்ட் 29

வாயாடிக்கு,

சாவி வந்தது. கண்டக்டர் அதை ஒரு கயிற்றில் கோத்து, பழைய டிக்கெட் பை மாட்டுவதுபோல் தோளில் மாட்டிக்கொண்டு தெருவெல்லாம் திரிகிறார். எதிரில் வருகிறவர்களுக்கெல்லாம் பெட்டி எப்படித் திறக்கும் என்று விளக்கம் வேறு. உனக்கு ஆள் தேவையென்றால் சொல், சம்பளமில்லாமல் வருவார்.

இரண்டு பேரும் சேர்ந்து திறந்தோம். மருந்தடித்தோம். அவர் வரப்பில் நின்றுகொண்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். சோளம் பாதி போனது போனதுதான். மீதி நிற்கும்போல் இருக்கிறது. மருந்தை மறுபடி வைத்துப் பூட்டிவிட்டோம், அவரவர் சாவி அவரவரிடம்.

செவ்வாய்க்கிழமை டவுனுக்குப் போனேன். அவரும் கூட வந்தார். பஸ்ஸில் சில்லறை எப்படிக் கொடுப்பது என்று அங்கிருந்த கண்டக்டருக்கு அவர் பாடம் எடுத்ததில், எங்களை இறக்கிவிடப் பார்த்தார்கள். டாக்டர் பேசினார். நான் அதிகம் பேசவில்லை. அண்ணியைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். ஒரு மாத்திரை கொடுத்திருக்கிறார், அடுத்த வாரமும் வரச் சொல்லியிருக்கிறார். போவேன் என்று நினைக்கிறேன். எல்லாம் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுத மாட்டேன், ஆகவில்லை. காலையில் எழுந்திருப்பது இன்னும் பாரமாகத்தான் இருக்கிறது. வளைவு விளக்கைப் பார்த்தால் இன்னும் தலையைத் திருப்பிக்கொள்கிறேன். எழுந்திருக்கிறேன், அவ்வளவுதான் இப்போதைக்கு.

ஒன்றை உன்னிடம் சொல்லவில்லை. கல் வாசலில் கிடக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? பொய். நீ பஸ் ஏறிய மறுநாளே அதைத் தூக்கிக்கொண்டு வந்து பெட்டி மேல் வைத்துவிட்டேன், பூட்டை உடைக்க. ஒவ்வொரு நாளும் பார்த்தேன். உடைக்காமல் உனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

நடுச்சுவர்க் கதவு அவர் உதைத்ததில் கீல் ஆடிப்போய்விட்டது. காற்றடித்தால் தானாகச் சாத்திக்கொள்கிறது. சாத்தாமல் இருக்க அந்தக் கல்லைத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறேன்.

உன் அண்ணன்